தீக்குச்சி அளவில் ஒரு விமானம்

மாப்ளே,

இன்று ஆயுத பூஜை. நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவில் கேமராவுக்கு மாலை போட்டுச் சந்தனம் அப்பினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். விழுப்புரம் ஜங்ஷனையே ஒற்றைத் தோளில் தாங்குவதாக ஊரெல்லாம் பறைசாற்றிய உன் மாமன், ஒரு விரல் சந்தனத்துக்குப் பயந்து ஓடினேன்.

விமானப்படையில் சேர்ந்து முதல் விடுப்பில் நீ திண்டிவனம் வந்தபோது, அக்கா சோற்றைத் தொடாமல் கிடந்தாள். உன் அம்மாவுக்கு விமானம் என்றால் எந்நேரமும் கீழே விழப்போகும் தகரப் பருந்து. "விமானத்தை உன் கூடத்திலேயே இறக்கிக் காட்டுகிறேன்" என்று சபதம் போட்டேன். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி உடம்பு, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி முன்விசிறி, பழைய கோட்டுப் பொத்தானில் சக்கரம். ஓர் ஆள் ஒரு தீக்குச்சி உயரம். மற்றதெல்லாம் அந்தக் கணக்கு. இதைக் கேள்விப்பட்டுத்தான் ஜப்பான்காரன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

நீ கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தாய்.

"இன்னா மாமா, ஒத்த சீட்டு வச்சிருக்க? நான் எங்க குந்துறது?"

"றெக்கை மேல குந்துடா, காத்து ஜம்முனு வரும்."

"நான் துப்பாக்கிக்காரன் மாமா. ஓட்டுறவருக்கு முதுகக் காட்டிக்கினு பின்னாடி குந்தணும்."

முதுகைப் பிளந்து இன்னொரு இருக்கை வைத்தோம். குடைக்கம்பி நுனி துப்பாக்கியானது. கண்ணாடிக் கூண்டுக்கு ஸ்டுடியோவில் வீணான பிலிமை வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவினோம். எவனோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் மீசை கரைந்து, தெளிந்த தகடு வந்தது. அதை வளைத்து ஒட்டி, உள்ளே உன்னைத் தீக்குச்சியாக உட்காரவைத்தோம்.

"இன்னாடா இது? போற பக்கம் பாக்காம வந்த பக்கம் பாத்துக்கினு குந்தியிருக்க?" என்றாள் அக்கா.

"உன்னப் பாத்துக்கினே போவேன்மா."

அதற்குப் பிறகுதான் அவள் தட்டைத் தொட்டாள்.

நீ கிளம்பிய நாளும் ஆயுத பூஜை. அரிவாள்மணை, உரல், ஏர் எல்லாம் சந்தனப் பொட்டு வாங்கின. விமானத்துக்கும் அக்கா வைத்தாள், நேராக உன் கூண்டின் மேலேயே, கட்டைவிரலால், தடிமனாக. "கண்ணு மறைக்குதும்மா!" என்று நீ கத்தினாய். துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்; பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதாம். நீ சிரித்துக்கொண்டே ரயில் ஏறினாய்.

நீ இல்லை என்று தந்தி வந்தபோது அக்கா அழவில்லை. விமானத்தை மடியில் வைத்து, புடவை முந்தியால் அந்தக் கூண்டைத் துடைத்தபடியே இருந்தாள். "நான்தான்டா அவன் கண்ண மறைச்சிட்டேன். எதிரி வந்தது புள்ளைக்குத் தெரியாமப் போச்சு." தேய்த்துத் தேய்த்துப் பிலிம் புகை படிந்ததுபோல் மங்கியது. புதுக் கூண்டு செய்து மாட்டினேன். அதையும் மங்கவைத்தாள்.

பிறகொரு நாள், பட்டாளத்து ரயில் விழுப்புரத்தில் தண்ணீர் பிடிக்க நின்ற நேரத்தில் உன்னோடு படையில் இருந்த சினேகிதன் ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தான்.

"எதிரியே வரலீங்க மாமா. பயிற்சிக்குப் போனப்போ இன்ஜின் நின்னுபோச்சு. அவ்ளோதாங்க."

அடுத்த ரயிலில் திண்டிவனம் போனேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக, ஒரு சொல்லும் கூட்டாமல் அக்காவிடம் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எனக்கோசரம் அளக்கிறியாடா? கப்பலையே திருப்பினவனாச்சே நீ."

"நிஜம்க்கா."

"அப்போ சத்தியம் பண்ணு."

கையை நீட்டினேன். விட்ட புளுகுக்கெல்லாம் நான் சத்தியம் செய்தது உன் தலைமேல் அடித்துத்தான், மாப்ளே. நீயும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து கொடுப்பாய். அன்று உண்மை இருந்தது. தலை இல்லை.

அந்தரத்தில் நின்ற கையை அக்காவே பிடித்து இறக்கினாள். அப்புறம் முந்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

போர் முடிந்தும் அவள் நம்பவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் அதையே சொல்கிறேன், உன் சினேகிதன் சொன்ன அதே சொற்களில், கூட்டாமல், குறைக்காமல்.