ஒரே ஒரு போன்

மார்ச் 3
பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்காக நான் செய்த ஆப் வெளியாகி ஐந்து மாதம். படத்தைத் தொட்டால் போன் பேசும்: "தண்ணி வேணும்", "வெளிச்சம் வேண்டாம்". குரல் என்னுடையது. பன்னிரண்டாம் தேதி இன்டர்வியூ. ஒன்றரை வருடமாக வேலை இல்லாதவளுக்குக் காட்ட இது ஒன்றுதான்.

"உன் ஆப் நல்லா பேசுது. நீதான் வாயத் திறக்க மாட்டேங்கற," என்றாள் அக்கா. இருப்பது அவள் வீட்டில். என்னத்தைப் பேச?

மார்ச் 6
ஒரு பழைய மாடல் போனில் மட்டும், "வலிக்குது" படத்தைத் தொட்டதும் ஆப் மூடிக்கொள்கிறது. ஆப் எங்கே நின்றாலும் என் பிழைப் பட்டியலில் பதிவாகும். ஒரே ஒரு ஆள். இன்று ஏழு முறை.

மார்ச் 7
பதினொன்று. யார் இவர்? ஏன் விடாமல் அதையே தொடுகிறார்?

மார்ச் 9
பிழைப் பட்டியலில் அந்த வரி மட்டும் சிவப்பாக நிற்கிறது. இன்டர்வியூவில் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்வார்கள். "ஒரு போனுக்காக ஏன் உயிரை விடுற? இன்டர்வியூ முடிச்சுட்டு வந்து பாரு," என்றாள் அக்கா.

'மறை' என்பதை அழுத்தினேன். பட்டியல் சுத்தம்.

மார்ச் 12
"ஒரு பிழைகூட இல்லையா?" என்று மேலாளர் கேட்டார். சிரித்தேன். எதுக்குடி சிரிச்ச?

மார்ச் 15
வேலை கிடைத்துவிட்டது. அக்கா அழுதேவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

மார்ச் 19
அந்த மாடல் ஒன்றைப் பழைய போன் கடையில் பிடித்தேன். ஆப் நிரலில் ஒரே வரியில்தான் தவறு. பத்து நிமிஷ வேலை - அதைப் பத்து நாள் கழிச்சு செஞ்சிருக்கேன். திருத்தி வெளியிட்டேன்.

மார்ச் 25
ஆப் பக்கத்தில் ஒரு மகன் எழுதியிருக்கிறார், ஐந்து நட்சத்திரம் போட்டு: "போன் பழசு, அதான் ஆப் மூடிக்குதுன்னு இருந்துட்டோம். போன வாரம் திடீர்னு 'வலிக்குது'ன்னு பேசிச்சு. உடனே கூட்டிட்டுப் போனோம். அப்பாவுக்குத் தோள்பட்டை விலகியிருக்கு. இத்தனை நாள் எப்படித் தாங்கினார்னு டாக்டரே கேட்டார். உங்களுக்கு ரொம்ப நன்றி."

மறைத்த வரியைத் திறந்தேன். ஒன்பதாம் தேதியிலிருந்து பத்தொன்பது வரை தொண்ணூற்றாறு முறை. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்தேன்.

ஏப்ரல் 2
வேலையில் முதல் நாள். மேலாளர் அந்த மகன் எழுதியதைப் பெரிய திரையில் போட்டு, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "தரம்னா இதுதான்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.