கவிழ்த்து வைத்த ஒரு சீட்டு

அன்புப் பேத்திக்கு,

பாட்டி ஆசியோடு எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீயாக வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. போனில் எப்போது பார்த்தாலும் உன் முகம் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ கேட்டபடி உன் சீட்டுக்கட்டுகளை எல்லாம் பெட்டிகளில் அடுக்கிவிட்டேன். பார்சல்காரர் நாளைக் காலையில் வருகிறார். இந்தக் கடிதத்தைக் கடைசிப் பெட்டியில் மேலாக வைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி பாட்டி, சரி பாட்டி" என்று என் பேச்சுக்கு முன்னால் ஓடுகிறாய். காகிதம் என்றால் உட்கார்ந்துதானே படிக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பிழை மட்டும் இருக்காது. எங்கள் டீச்சர் பிழை விட்டால் விரல் முட்டியிலேயே போடுவார்.

பிரிக்காத கட்டுகள் எதையும் நான் பிரிக்கவில்லை. மேலே சுற்றிய பிளாஸ்டிக் கிழிந்தால் மதிப்பு போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நீ என்னை மிரட்டி வைத்திருக்கிறாயே. வட்டச் சீட்டுகள் உள்ள கட்டு, பூனைப் படக் கட்டு, தகர டப்பாவில் வந்தது, எல்லாவற்றையும் என் பழைய பருத்தித் துணியில் சுற்றியிருக்கிறேன். பழைய சாமான் கடையில் வாங்கினோமே, ஜோக்கர் சீட்டில் யாரோ போன் நம்பர் எழுதி வைத்திருந்த கட்டு, அதுவும் இருக்கிறது. அந்த நம்பரைக் கூப்பிட்டால் பல் டாக்டர் எடுத்தார். அடுத்த வாரமே உன் சொத்தைப் பல்லை அவரிடம்தான் பிடுங்கினோம். சீட்டு சொன்னது பலிக்காது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

செருப்பு டப்பாவில் ஈரம் உறிஞ்சச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்கள் இல்லையா, அதை மாடி முழுக்கக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பெட்டியிலும் போட்டிருக்கிறேன். கொடுத்தவர்களிடம் எல்லாம், என் பேத்தி படம் வரைந்தே சொந்தமாக வீடு வாங்கிவிட்டாள், சீட்டு வைக்கவே கண்ணாடி அலமாரி செய்திருக்கிறாள் என்று சொன்னேன். கொடுக்காதவர்களிடமும் சொன்னேன்.

சீட்டு வைத்துக் குறி கேட்க வரும் என் வாடிக்கை குறையவில்லை. மேல்மாடியில் பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டே வாரம் தவறாமல் வந்து உட்காருகிறார். இஸ்பேட் ராணி விழுந்தால் முகம் வெளுத்துப்போகிறது. அவர் மாமியார் ஊரிலிருந்து வருகிறாளோ என்னவோ. கீழ் வீட்டுத் தையல்காரி நூல் ஒட்டிய கையோடு வந்து சீட்டைத் தொடுவாள், தட்டிவிடுவேன். எல்லோரும் தங்கள் சீட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். நான் சீட்டைச் சேர்த்துக் கட்டுகிறேன். கட்டி முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பிரித்துக் கலைக்கிறேன். எனக்கு நானே பார்த்துக்கொள்வதில்லை, அது உனக்கே தெரியும்.

உன் முதல் சம்பளத்தில் வாங்கிய டாரட் கட்டை, அதுதான் படம் பார்த்துக் குறி சொல்கிற அந்த வெளிநாட்டுக் கட்டைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். இங்கிலீஷ் எனக்கு ஓடாது, படம்தான் பேசும். அதில் ஒரு பையன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை விளிம்பில் நிற்பானே, காலடியில் ஒரு நாய். பையன் விழுவானா மாட்டானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்த நாயைப் பற்றித்தான் எப்போதும் யோசனை. அது கூடப் போகிறதா, வழியனுப்ப வந்ததா? இதைக் கேட்டதற்கு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஒரே சீட்டு நேராக விழுந்தால் ஒரு அர்த்தம், தலைகீழாக விழுந்தால் வேறு அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதான்.

நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அந்தக் கட்டைத்தான் எடுப்பேன். சீட்டை ஒவ்வொன்றாக நான் தள்ளுவேன், நீ "நிறுத்து" என்பாய். கேட்கிறவர்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். கை எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு வாய்ச் சொல்லே கை என்று நான்தான் ஒரு சட்டம் போட்டேன். தையல்காரி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள், போகட்டும்.

கடைசியாகப் பார்த்தது உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ. "இந்த ஊர்லயே இருந்துடலாமா பாட்டி, பாத்துச் சொல்லு" என்று கேட்டாய். நான் கலைத்துத் தள்ள ஆரம்பித்தேன். பாதியில் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். "நீயே ஒண்ணு எடுத்துக்க பாட்டி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அப்போது என் விரலுக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்துக் கவிழ்த்தபடியே வைத்தேன். உன் கேள்விக்கு நான் எப்படித் திருப்புவது? அப்புறம் பேசுவாய் என்று இருந்தேன். அப்புறம் வந்தது வீடு வாங்கின செய்தியும் சீட்டுகளை அனுப்பச் சொன்ன செய்தியும்தான். சந்தோஷம். சீட்டைக் கேட்காமலே முடிவு எடுக்கிற அளவுக்கு உனக்குப் புத்தி இருக்கிறது, என் பேத்திதானே.

அந்தச் சீட்டை நான் இன்னும் திருப்பவில்லை. தையல்காரிக்கு அதைப் பார்க்காமல் தூக்கமே வராது போலிருக்கிறது. "நான் மட்டும் பாத்துக்கறேன், உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்கிறாள். என்ன பெருந்தன்மை பார்.

உன் அப்பன் வந்திருந்தான். "அவ சாமான் போனதும் அந்த ரூமை வாடகைக்கு விட்டுடலாம்மா. பூட்டியே கெடந்து என்ன பண்ணப்போவுது? உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றான். ஆள்கூடப் பார்த்து வைத்திருக்கிறானாம், சாதுவாம். என் மேல் அக்கறையில்தான் சொல்கிறான், தப்பு சொல்ல முடியாது. நான், "அவ சாமான் இன்னும் உள்ளதான்டா இருக்கு" என்றேன். கதவைத் திறந்து பார்த்தான். உன் அலமாரியை முழுக்கக் காலி செய்திருந்தேன். நடுத்தட்டில் அந்த ஒரு சீட்டு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. "இதுவா சாமான்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கதவை மெதுவாகச் சாத்தினான். பிறகு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே அந்த டாரட் கட்டில் ஒரு சீட்டு குறையும். எந்தக் கட்டு வந்தாலும் நீ முதலில் எண்ணுவாய், எனக்குத் தெரியும். தொலைந்துவிட்டது என்று பதறாதே. வரிசையாக அடுக்கினால் எந்தச் சீட்டு என்று கண்டுபிடித்தும் விடுவாய். நான் மற்ற சீட்டுகளைப் புரட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடும் என்று அப்படியே நூல் சுற்றி வைத்துவிட்டேன். கண்டுபிடித்தாலும் போனில் சொல்லாதே. அது நேராக விழுந்ததா, தலைகீழாக விழுந்ததா என்பது இங்கே வந்து அதைத் திருப்பினால்தான் தெரியும். தபாலில் அனுப்பலாம் என்றால் வழியில் எத்தனை கை மாறுமோ.

உன்னை வரச் சொல்லவில்லை. புது வீடு, புது அலமாரி, வேலை, எல்லாம் இருக்கும். என் பேத்தி அங்கே தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்குப் பெருமை. ஈரத் தலையோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வரையாதே, சளி பிடிக்கும்.

உன் அறையைத் தினமும் பெருக்குகிறேன். அலமாரித் தட்டைத் துடைக்கும்போது அந்தச் சீட்டைத் தூக்குவதில்லை. தூக்கினால் திசை மாறிவிடும். அதைச் சுற்றி மட்டும் துடைத்து வைக்கிறேன்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
பாட்டி