எட்டாவதில் ஓடியது

மே 19, திங்கள்
காலேஜ் ஃபார்ம் போட நெட் சென்டருக்குப் போனேன். பிளஸ் டூ மார்க் 371. 'விளையாட்டுச் சாதனைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டாவதில் மாவட்ட அளவில் 400 மீட்டர், முதல் இடம் என்றேன். நெட் சென்டர் மேரிசெல்வி அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அதெல்லாம் யாரும் போட மாட்டாங்களாம். ஒன்பதாவதுக்கு மேலே என்ன இருக்கு என்று கேட்டாள். ஒன்றுமில்லை. யோசித்துவிட்டு வரச் சொன்னாள்.

மே 20
பீரோவில் துணிக்கு அடியில் சர்டிபிகேட் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரலை. வேற யாரோ பேர் மாதிரி இருந்துச்சி.

மே 21
அந்தக் காலேஜில் விளையாட்டு சீட்டுக்கு ஃபீஸ் கிடையாது. அது இல்லைன்னா நானும் அம்மாவோடு உப்பளத்துக்குத்தான். எழுதுடி என்கிறாள் அம்மா. எழுதினால், அதுக்கப்புறம் என்ன பண்ணினேன்னு கேட்பாங்களே? ஒன்பதாவதில் வயசுக்கு வந்தேன், மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க, அடுத்த வாரமே அப்பா பி.டி. சாரிடம் போய் இனிமே அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுறது? அன்னிக்கு நானும் சண்டை போடலை. ஏன் போடலை?

மே 23
போட்டாச்சு. வருஷத்தோடு. அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

ஜூன் 9, திங்கள்
இன்டர்வியூ. அப்பா வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். விளையாட்டுத் துறை மேடம் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எட்டாவதோட நிக்குது. அப்புறம் ஏம்மா ஓடலை?"
உடம்பு சரியில்லை என்று சொல்வதாக இருந்தேன். 
"நான்தாங்க நிறுத்திட்டேன்," என்றார் அப்பா. "பாப்பா நல்லாதாங்க ஓடிட்டிருந்துச்சி."
மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வரணும் இல்லை? சந்தோஷமாவது? ஒன்னுமே வரலை.

ஜூன் 18
காலேஜிலிருந்து போன். ஜூலை இரண்டாம் தேதி ஓடிக் காட்டணுமாம். அதை வைத்துத்தான் சீட்.

ஜூன் 25
பிராக்டிஸ். அரை ரவுண்டில் மூச்சு முட்டுது.

ஜூலை 2, புதன்
ஏழு பேர் ஓடினோம். நான் ஆறாவது. சீட் இல்லை.
தொடை இரண்டும் கட்டிக்கிச்சி, பஸ் ஏற முடியலை. கை கொடுக்க வந்த அப்பாவின் கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் திண்டிவனம் தாண்டியதிலிருந்து மரக்காணம் வரைக்கும், பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டினேன். ஓடாமப் போன நாலு வருஷத்தையும் கேட்டேன். யாரு உன்னை நிறுத்தச் சொன்னாங்க, நான் ஓடுறது உனக்கு என்னா பண்ணுச்சின்னு கேட்டேன். கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார். இறங்கும்போது என் பையை அப்பாவே எடுத்துக்கொண்டார். அப்பவும் திட்டிக்கிட்டேதான் வந்தேன்.