இப்போதெல்லாம் பிளேட்டில் பேஸ் கேட்கிறது

என் பிரியமான அப்பாவுக்கு, எஸ்தர் எழுதிக்கொள்வது.

அம்மா தூங்கிவிட்டாள். விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தி.

கிராமபோன் பிளேட்டில் இப்போது பேஸ் கேட்கிறது, அப்பா; பாட்டுக்கு அடியில் நீங்கள் ஊதிய அதே கீழ்ச்சத்தம்.

காதர் பாயின் கடிகாரக் கடைக்கு ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் நீங்கள் கேட்ட காலத்தில், பாடுகிறவர் குரல் மட்டும் கீச்சென்று வரும். "இன்னா பாய், பாட்டுக்குத் தரையே காணோம். எல்லாரும் அந்தரத்துல நிக்கறாங்க" என்று நீங்கள் சொன்னதைப் பாய் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது மின்சாரத்தை வைத்துப் பதிவு செய்கிறார்களாம். மிருதங்கத்தின் இடது பக்கம்கூட கும்மென்று வருகிறது.

நீங்கள் கர்த்தரிடம் போனபின் ஆம்பூர் பேண்டில் உங்கள் இடத்தில் அருளப்பன் மாமா ஊதுகிறார். அதே பெரிய பித்தளைக் குழல்தான். பாய் வாணியம்பாடிக் கல்யாணங்களுக்குப் பேஸ் ஊதப் போகிறார். ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் கடையில் பெட்டிக்குச் சாவி கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பட்டாளத்து பேண்டு பிளேட்டுகள் அவர்களுக்கு இப்போது பழசாகிவிட்டன. யாரோ ஒரு துரை வீட்டுப் பெட்டியோடு வந்த நடனப் பிளேட்தான் மாமாவுக்கு உயிர். அதில் ஆள் உயரப் பிடிலை வில் இல்லாமல் விரலால் சுண்டுகிறார்களாம். பாய்க்கு நாடகப் பாட்டு, அதிலும் ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டைகள். உள்ளங்கையைப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் கேட்கிறேன்.

ஒரு நாள், கடிகாரம் வாங்கிப்போக வந்த ஒருவர் பொறுமை இழந்து கேட்டார். "மூணு வாட்டி போட்டுட்டீங்க. பாடறது யாரு பாய்?"

பாய் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார்.

"பொம்பளையா இருக்கும்" என்றார் பாய், சந்தேகமாக.

"அடப்பாவிங்களா! அப்ப இன்னாத்ததான் கேட்டுக்கினு இருந்தீங்க?"

"கீழ ஓடறத" என்றார் மாமா.

நான் அங்கே போவது அம்மாவுக்குத் தெரியாது. அந்தக் குழல்தான் உங்கள் மார்பைத் தின்றது என்று அவள் நம்புகிறாள். நீங்கள் வேலை பார்த்த தோல் பதனிடும் கிடங்கின் சுண்ணாம்புத் தூசியா, குழலா என்று டாக்டர் சொல்லவில்லை. உங்களுக்காவது தெரிந்ததா? ஆம்பிளைகள் உட்காரும் கடையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்றும் கேட்பாள். அதனால் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போவேன். ஆறு ஞாயிறு அப்படிப் போனேன்.

இன்று சாயங்காலம் அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னா பாட்டு கத்துக் குடுத்தாங்க?"

"புதுப் பாட்டும்மா."

"பாடு, கேக்கறேன்."

மத்தியானம் நாலு தடவை கேட்ட பாட்டையே பாடிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. மெட்டையாவது முனகலாம் என்று பார்த்தேன். வந்தது மெட்டும் இல்லை. பம், பம்பம், பம் என்று அடியில் போனது மட்டும்தான். அதைத் தவிர வேறெதையும் நான் கேட்டிருக்கவே இல்லை.

அம்மாவின் கை புளியில் நின்றுவிட்டது.

"உங்கப்பா இப்பிடித்தான் முனகுவாரு. ராத்திரி இன்னா பாட்டு வாசிச்சாங்கன்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல" என்றாள். பிறகு, "எங்க கேட்ட?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துலதாம்மா."

"சரி. காலைல டீச்சரம்மாவையே வந்து கேக்கறேன். பொய்யின்னு தெரிஞ்சுது, ஸ்கூலும் வேணாம் ஒண்ணும் வேணாம். எங்கூட கிடங்குக்கு வந்து தோல் காயப்போடு."

சத்தம் போடவில்லை, அப்பா. போட்டிருந்தால் பயம் கம்மியாக இருந்திருக்கும். குழம்பில் உப்பு இல்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த செல்லம்மா இப்போது கிடங்குக்குப் போகிறாள். தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் அவள் விரல்கள் பழுப்பேறிவிட்டன. தெருவில் என்னைப் பார்த்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறாள். டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமை பயிற்சி எதுவும் இல்லை என்று சொல்லப் போகிறார். அம்மா தான் சொன்னதைச் செய்கிறவள். மாமாவை விட்டுச் சமாதானம் பேசச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் பேச வந்தால் குழலின் மேல் இருக்கும் கோபமெல்லாம் அவர் மேல் விழும்.

விடிந்ததும், அம்மா கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். காதர் பாய் கடையில்தான் கேட்டேன், ஆறு ஞாயிறும் உன்னிடம் பொய் சொன்னேன் என்று. இனிமேல் உனக்குத் தெரியாமல் எங்கேயும் போகமாட்டேன் என்றும் சொல்வேன். இனிமேல் பிளேட்டே கேட்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் மட்டும் பண்ணமாட்டேன். அதுவும் பொய்தானே? அதற்காக அவள் என்னைக் கிடங்குக்கு அனுப்பினால், போகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
எஸ்தர்