நீ தேர்ந்தெடுத்த கருப்புத் திரை

சங்க அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால், போன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர்களைப் பேசவைத்த நம் பழைய மோடம் கிடந்தது. தூசியைத் துடைத்து, சும்மா ஓர் ஆசைக்காக மின்சாரத்தில் செருகிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடாப்டர் சூடாகி, தூசி கருகும் அந்த வாசனை எழுந்தது. வெள்ளையடிப்பவர் பதறிப்போய், "ஏனுங்க, என்னமோ தீயுதுங்க" என்றார். "தீயாதுங்க, அது அப்படித்தான்" என்றேன். நீ இறந்துபோன பிறகு உன்னிடம் வாய்விட்டுப் பேசவேண்டும் போல இருந்தது இன்றைக்குத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள். ஏற்காட்டில் காப்பி விவசாயிகள் சங்கத்தில் தட்டச்சு வேலை. நீ அதே மலையில் கொட்டச்சேடு என்ற ஊர்க்காரி. சேலத்தில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பெங்களூரில் வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி எங்களிடம் வந்து சேர்ந்தாய். மலையிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு மலைப்பாதை ஆகாது என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. பஸ் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் கண்டக்டரிடம் கெஞ்சி நிறுத்தச் சொல்வாய். "இந்த வளைவு அத்தனைக்கும் வாந்தியால அடையாளம் வச்சிருக்கிறவ நான் ஒருத்திதான் புள்ள" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

அந்த வருடம் சங்கத்துக்கு ஓர் இணையதளம் வைப்பதென்று முடிவாகியிருந்தது. அதுவரை வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. இனி யாருடைய தோட்டத்தில் என்ன காப்பி, எவ்வளவு இருக்கிறது, குடித்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் போட்டால் வெளிநாட்டில் வாங்குகிறவர்களே நேராகப் பார்த்துக் கேட்கலாம். ஏற்காட்டில் அதற்கான இணைப்பு கிடையாது. சேலத்தில் ஒரு கல்லூரி தன் கம்ப்யூட்டர் அறையில் மூலையொன்றை ஒதுக்கித் தந்தது. நாம் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அங்கே வைத்தோம். அதற்குள் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் நல்ல மனிதர். "விண்டோஸ் என்.டி. போட்டுரலாமுங்க. எல்லாம் படமா இருக்கும். மௌஸை வச்சு அழுத்தினாப் போதும், யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. நான் பழகியது அதில்தான். நீ லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாய். கருப்புத் திரை, அதில் வெள்ளையாக ஒரு வரி, அவ்வளவுதான். மஞ்சக்குட்டை ஊர்க்காரரான நம் சங்கத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன கண்ணு இது, டிவி ரிப்பேர் ஆன மாதிரி இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு கேட்டாய்: "ரெண்டும் நல்லதுதானுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பெட்டி இருக்கறது சேலத்துல. நாம இருக்கறது ஏற்காட்டுல. மழையில ரோடு போயிருச்சு, அன்னைக்குன்னு பாத்து பெட்டியும் நின்னு போச்சுன்னா, எங்க இருந்துங்க அதைச் சரி பண்றது?"

"ஒரு போன் போடுங்க, நான் போய்ப் பாக்கறேன்" என்றார் கடைக்காரர்.

"நீங்களும் ஊர்ல இல்லீன்னா?"

அவர் யோசித்துவிட்டு, "அது சரிதானுங்க" என்று ஒத்துக்கொண்டார். நீ மோடத்தைக் கையில் எடுத்துக் காட்டினாய். "இதுல ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. நம்ம போன் கம்பியில படம் வந்து சேர்றதுக்குள்ள காப்பியே பழுத்துருமுங்க. எழுத்துன்னா வந்துரும். லினக்ஸுல எல்லா வேலையையும் எழுத்துலயே பண்ணிக்கலாம்."

மழை முடியும்வரை இதையே வைத்துப் பார்ப்போம் என்றார் தலைவர், அரை மனதாக. திரும்பி நடக்கும்போது, நிஜமாகவே அதுதான் காரணமா என்று உன்னைக் கேட்டேன். "பாதிக் காரணம் அது. மீதி, சேலம் போற பஸ்" என்றாய்.

ஐப்பசி மழை அந்த வருடம் மலையையே கரைத்துவிடும்போலப் பெய்தது. நீ உன் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து என்று கொட்டச்சேட்டுக்குப் போயிருந்தாய். அந்த வாரம்தான் வெளிநாட்டு வியாபாரிகள் நம் இணையப் பக்கத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் அவர்களுடைய பெங்களூர் ஏஜெண்டு போனில் கூப்பிட்டார். "உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குதே மேடம். இன்னைக்குள்ள வரலைன்னா அவங்க வேற ஊர் காப்பிக்குப் போயிருவாங்க."

மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. கொட்டச்சேட்டு ரோட்டில் மரங்கள் விழுந்து ஜீப்கூடப் போகவில்லை. மழைக்காகக் கல்லூரி பூட்டியிருந்தது. கடைக்காரர் ஊரில் இல்லை. மோடத்தைப் போட்டுச் சேலத்தைக் கூப்பிட்டேன். அது கிறீச்சிட்டு ஓய்ந்ததும் கருப்புத் திரையில் அந்த வெள்ளை வரி வந்தது. பெட்டி உயிரோடுதான் இருந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் இருந்த ஒரே லைனை மோடம் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பூத்துக்கார மல்லிகா அக்கா உங்கள் ஊர் எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டு, உன்னைக் கூட்டிவர ஆள் அனுப்பச் சொன்னார். நீ நனைந்துகொண்டே வந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். பூத்துக்கும் நம் அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருந்தது. நீ போனில் சொல்ல, அக்கா அதை ஜன்னல் வழியாகக் கத்த, நான் அடிக்கவேண்டும் என்று ஏற்பாடு.

"அழுவறியான்னு கேக்குது புள்ள!"

"இல்லீங்கன்னு சொல்லுங்க."

"அழுதுட்டே அடிச்சாலும் பொட்டி கேட்டுக்குமாம். மொதல்ல உக்காரச் சொல்லுது."

டி, எஃப் என்று இரண்டு எழுத்து, பெட்டிக்குள் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும் உத்தரவு. அடித்தேன். வரிவரியாக வந்ததை நான் படிக்க, அக்கா உனக்குச் சொன்னார். ஒரு வரியில் நூறு சதவீதம் என்று இருந்தது. அதைக் கேட்டதும் நீ "அப்பாடா" என்றாயாம். வந்துபோகிறவர்களைப் பற்றிப் பெட்டி தானாக எழுதிவைக்கும் குறிப்புகள் சேர்ந்து சேர்ந்து இடம் நிரம்பிவிட்டது. சேலத்தில் கரண்டு போய் வந்ததும் பெட்டி எழுந்துகொண்டது. பக்கத்தைக் காட்டும் நிரலுக்கு மட்டும் எழுந்திருக்க இடமில்லை. பழைய குறிப்புகளை அழித்தால் போதும்.

"இது அழிக்கிற உத்தரவாம். நொம்பப் பாத்து அடிக்கணுமாம். ஒரு எடத்துல தப்புனா, சங்கத்துக் காப்பி மொத்தமும் போயிருமாம்!" அக்கா ஜன்னலோடு ஒட்டி நின்று கத்தினார். "அடிச்சுட்டு அழுத்தாத. மொதல்ல வாய்விட்டுப் படிக்கச் சொல்லுது."

ஆர், எம், காலியிடம், சாய்கோடு. ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசியில் நட்சத்திரக்குறிக்கு வந்தபோது அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"நட்சத்திரத்துக்கு முன்னால காலியா எடம் உட்டிருக்கியான்னு கேக்குது."

பார்த்தேன். விட்டிருந்தேன். அப்படியே அழுத்தியிருந்தால் எல்லாமே அழிந்திருக்கும்.

"அதை எடுத்துரச் சொல்லுது. ஒண்ணும் ஆகலியாம். திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். அழுத்தினேன். அடுத்து நீ சொன்ன வரியில் நிரல் எழுந்துகொண்டது. மோடத்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "தெரியுதுங்க மேடம்! எல்லாத் தோட்டமும் தெரியுது!" என்றார் ஏஜெண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மல்லிகா அக்கா ரிசீவரோடு ஒரு குதி குதித்தார். படமாக இருந்திருந்தால் அதைப் போனில் எப்படிப் படித்துக் காட்டியிருப்பேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட அது நல்ல நாள்தான். ஆனால் பூத்து வாசலில் எஸ்டேட் வேலைக்காரம்மா ஒருவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். மகன் சிங்கப்பூரில். அவன் தங்கியிருந்த இடத்தில் போன் இல்லை. மலை சரிந்த செய்தியைக் கேட்டு என்ன பாடுபடுகிறானோ என்ற தவிப்பு. "இந்தப் பொட்டியில சொன்னா எம்பையனுக்குத் தெரியுமா சாமி?" என்று என்னைக் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா உன்னைக் கேட்டார்.

"ஏன் தெரியாது? நம்ம பக்கத்துலயே ஊருஊரா எழுதிப் போடச் சொல்லுது!"

தமிழ் எழுத்துக்கு அப்போது நம்மிடம் வழியில்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினோம். கொட்டச்சேடு, எல்லாரும் நல்லா இருக்காங்க. மஞ்சக்குட்டை, ரெண்டு ஊட்டுல ஓடு போச்சு, ஆளுக்கு ஒண்ணுமில்லை. கேட்டவர்கள் பெயரையெல்லாம் சேர்த்தோம். மறுநாள் அந்தப் பையன் பூத்துக்குக் கூப்பிட்டான். கூட வேலை பார்க்கும் யாரோ, நண்பர்கள் மின்னஞ்சலில் அனுப்பிய நம் பக்கத்தைக் காட்டினார்களாம். அம்மா பேசி முடித்துவிட்டு ரிசீவரை வைக்க மனமில்லாமல் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

ரோடு திறந்ததும் தலைவர் வந்தார். திரையை முன்புபோலவே குனிந்து பார்த்தார். "இந்த ரிப்பேர் டிவியே இருக்கட்டும் கண்ணு" என்றார். அந்தப் பருவத்தில் சின்னத் தோட்டக்காரர்கள் சிலரிடம் முதல்முறையாக வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் காப்பி கேட்டு எழுதினார்கள்.

பெங்களூர் வேலை கிடைத்து நீ கிளம்பியபோது உன் நாற்காலியை எனக்குத் தரச் சொல்லிவிட்டுப் போனாய். பயந்துகொண்டே உட்கார்ந்தேன். இன்னும் அதில்தான் இருக்கிறேன். உனக்கு உடம்பு முடியாமல் போன பிறகும் போனில் நீ முதலில் கேட்டது, "பெட்டி எப்படி இருக்குது?" என்றுதான். உன் உடம்பைப் பற்றிக் கேட்டால், "ஓடுது, கொஞ்சம் மெதுவா" என்பாய்.

போன வாரம் சங்கத்துக்குப் புது சர்வர் எடுத்தோம். எந்த இயங்குதளம் என்ற பேச்சு மறுபடி வந்தது. இப்போது எல்லாமே நல்லது, எல்லாமே எட்டும் தூரம். இருந்தும் உன் கேள்வியை நான் கேட்டேன், கெட்டுப்போனால் எங்கிருந்து சரிசெய்வது என்று. அதற்கு எது ஒழுங்காகப் பதில் சொன்னதோ அதையே எடுத்தோம்.

புது சர்வரில் முதல் உத்தரவை அடித்துவிட்டு, அழுத்துவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். புதிதாக வந்திருக்கும் செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க, மந்திரம் ஏதாச்சும் சொல்றீங்களா?"

"இல்லீங்க, படிச்சுக் காட்டறேன்."

"யாருக்குங்க?"

"கொட்டச்சேட்டுக்கு" என்றேன்.