ஆறாவது மாதிரித் துணி

சேலம்
12-7-1937

அன்புள்ள நங்கைக்கு,

ராமாயி கும்பிட்டு எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மற்றச் சேதியெல்லாம் பிறகு.

தொழில் பள்ளியில் இரண்டாம் வருஷம் தொடங்கிவிட்டது. போன வருஷம்போல டீச்சரம்மா கொடுக்கும் பூவை அப்படியே தைத்துக் கொடுத்தால் இனி ஆகாது. ஒவ்வொருத்தியும் ஒரு படத்தை எடுத்து, அதைத் துணிக்குத் தகுந்தபடி மாற்றி, நூலையும் நிறத்தையும் தானே தீர்மானித்துத் தைக்க வேண்டும். அப்படி ஆறு மாதிரித் துணிகள். பங்குனியில் பரீட்சை. ஆறும் இருந்தால்தான் சர்டிபிகேட்.

மற்றவர்கள் சீமைப் புத்தகத்தைப் பார்த்து ரோஜாவும் கூடையும் எடுக்கிறார்கள். எனக்கு உங்கள் தம்பி வரைந்ததுதான் கண்ணில் நிற்கிறது. எருதின் முதுகில் உட்கார்ந்த கரிக்குருவி, மரத்தில் ஏறும் மிளகுக்கொடி, மழைக்கு முந்தின கொல்லிமலை. எல்லாம் உங்கள் தகரப் பெட்டியில் இருக்கும். சிலவற்றை அனுப்பி வைப்பீர்களா? அவர் போனபின் நான் உங்களிடம் வாய்விட்டுக் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள்
ராமாயி


சேந்தமங்கலம்
25-7-1937

அம்மிணி ராமாயிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நாத்தனாளை நங்கை என்று கூப்பிட்டு அதை விசாரிக்க ஒரு ஆள் சேலத்தில் இருக்கிறாள் என்பதே போதும். ஆனால் போன மாதம் முழுக்க ஒரு வரி இல்லை. நூலில் சிக்கிக்கொண்டாயாக்கும்.

பெரியப்பா நேற்றும் வந்தார். "தாலி அறுத்தவளுக்குப் பட்டணத்துல என்ன படிப்பு? கூட்டியாந்து என் ஊட்டுல உட்டுரு, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றார். "அவ என் தம்பி பொண்டாட்டி. நான் அனுப்பினேன், நானே கூப்புட்டுக்குவேன். நீங்க போயி உங்க சோலியைப் பாருங்க" என்றேன். துண்டை உதறிக்கொண்டு போனார். நீ சர்டிபிகேட் வாங்காமல் திரும்பினால் அவர் சொன்னதுதான் நடக்கும். என்னாலும் தடுக்க முடியாது. நினைவு வைத்துக்கொள்.

பெட்டியைத் திறந்தேன். காய்ச்சலில் அவன் போனதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மயில்சாமியின் பென்சில் வாடை இன்னும் அதில் இருக்கிறது. ஐந்து படம் அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட மூன்றும், நான் பொறுக்கிய இரண்டும். பத்திரம் அம்மிணி. அவனுக்கு எழுத்துக் கூட்டவும் படிக்கவும் தெரிந்த நாளிலேயே, பள்ளிக்கூடத்தில் படித்ததை வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தான். நான் இன்று இதை எழுதுவது அவனால். அவன் கைப்பட்டது என்று என்னிடம் இருப்பது இந்தக் காகிதங்கள்தான். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு.

பொன்னாத்தாள்


சேலம்
3-11-1937

அன்புள்ள நங்கைக்கு,

ஐந்தையும் தைத்துவிட்டேன்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். துணியின்மேல் படத்தை வைத்து, கோடு போகும் வழியெல்லாம் ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு கரித்தூளை ஒரு சின்னத் துணியில் முடிந்து, மேலே ஒற்ற வேண்டும். காகிதத்தை எடுத்தால் படம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கியிருக்கும். அந்தப் புள்ளிகளின்மேல் தையல். கரிக்குருவியின் வாலுக்குக் காம்புத் தையல் போட்டேன். எருதின் கழுத்துக்குச் சங்கிலித் தையல் போட்டுப் பார்த்தேன், கனத்துப் போயிற்று. பிரித்துவிட்டு ஒற்றை நூலில் போட்டேன். அப்போதுதான் அவர் அந்தக் கழுத்தை ஒரே இழுப்பில், கையை எடுக்காமல் வரைந்திருக்கிறார் என்று தெரிந்தது. கூடவே இருந்தேன், அப்போது கவனித்ததில்லை.

டீச்சரம்மா துணி மாட்டிய சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது யார் கை?" என்று கேட்டார். சொன்னேன். கூடப் படிக்கிற ஒருத்தியின் அம்மா மட்டும், "வெள்ளைச் சீலைக்காரி கையில் இவ்வளவு சிவப்பு நூலா?" என்றாள். அது கிடக்கட்டும்.

படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கரிக்குருவித் துணியை இன்னொரு தடவை தைத்து உங்களுக்கென்றே கூட வைத்திருக்கிறேன்.

உங்கள்
ராமாயி


சேந்தமங்கலம்
11-11-1937

ராமாயிக்கு,

கட்டு வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். மலைப் படத்தைக் கையில் எடுத்ததும், வெயில் அதன் வழியாக என் சீலையில் விழுந்தது. புள்ளி புள்ளியாக.

ஒரு படம் விடாமல் குத்தியிருக்கிறாய். கோட்டின்மேலேயே குத்தியிருக்கிறாய். கரித்தூள் அப்பி, அவன் பென்சில் எது, உன் கரி எது என்று தெரியவில்லை. கடைசி வாரத்தில் டாக்டர் அவன் காய்ச்சலுக்குக் கொயினா ஊசி போடக் குத்தாத இடம் தேடினாரே, நீயும்தானே காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகும் உனக்கு எப்படிக் கை வந்தது?

எப்படிச் செய்தாய் என்று சந்தோஷமாக எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு இடத்திலாவது உனக்கு மனம் பதறியிருக்குமா என்று பார்த்தேன். பதறவில்லை.

நீ அவனோடு இருந்தது மூன்று வருஷம். தாய் போன பிறகு இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். புருஷன் வீடு எனக்கு ஒத்து வரவில்லை என்று திரும்பி வந்தபோது, "அக்கா, நீ இங்கயே இரு. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்" என்று சொன்னவன். அவன் போனபோது எனக்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை. உனக்குச் சேலம் இருக்கிறது.

துணி நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கு வேண்டும்.

பொன்னாத்தாள்


சேலம்
20-11-1937

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

எனக்குத் தெரியாமல் போயிற்று. முதல் ஊசி குத்துமுன் இரண்டு தடவை காகிதத்தை எடுத்து வைத்துவிட்டேன், அது உண்மை. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அதை எழுதாமல் விட்டேன். எண்ணெய்த்தாளில் பிரதி எடுத்து அதைக் குத்தியிருக்கலாம் என்று இப்போதுதான் டீச்சரம்மா சொல்கிறார். "மூலப் படத்தையா குத்தினாய்?" என்று அவரும் கோபித்துக்கொண்டார். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். ஆனால் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதிரி வேண்டும். கல்யாணமான வருஷம், நான் களத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்ததை அவர் ஒரு படம் வரைந்தார். நினைவிருக்கும். "அசையாதே" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது, நீங்கள் சிரித்தீர்கள். அதை மட்டும் அனுப்புங்கள். ஊசி படாது. பிரதி எடுத்துக்கொண்டு அப்படியே திருப்பித் தருகிறேன். அது என் படம் என்ற உரிமையில் கேட்கிறேன்.

உங்கள்
ராமாயி


சேந்தமங்கலம்
5-12-1937

ராமாயிக்கு,

அந்தப் படம் பெட்டியில் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

உன் முகம் அதில் இருப்பதால் அது உனதாகிவிடாது. பார்த்த கண் அவனுடையது.

பெரியப்பா இப்போது சத்தமாகவே பேசுகிறார். பங்குனிக்கு மேல் நீ இங்கே வந்துவிடுவாய் என்று ஊரில் சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

பொன்னாத்தாள்


சேலம்
10-4-1938

அன்புள்ள நங்கைக்கு,

தையில் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதற்காவது எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

பரீட்சையில் தேறிவிட்டேன். சர்டிபிகேட் கையில் இருக்கிறது.

ஆறாவது துணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தை மாதம் முழுக்கத் திண்டாடினேன். சீமை ரோஜாவை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் நானே ஒரு பென்சிலை எடுத்தேன். நான் என்றைக்கு வரைந்தேன்? கிழித்துக் கிழித்துப் போட்டேன். பிறகு நீங்கள் முறத்தில் கம்பு புடைக்கிறதை நினைத்துக்கொண்டு வரைந்தேன். முறம் மேலே போகிற நேரத்தில், பதருக்காக நீங்கள் முகத்தைத் திருப்பிக் கண்ணைச் சுருக்குவீர்களே, அது வந்துவிட்டது. கொஞ்சம் கோணல்தான். பறக்கிற பதரை வெளுத்த மஞ்சள் நூலில் விட்டு விட்டுத் தைத்தேன். சீலைக்கு, நீங்கள் எப்போதும் கட்டுகிற அந்த அரக்கு.

பரீட்சைக்கு வந்தவர்கள் அந்தத் துணியின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். அதில் ஒருவர் குமாரபாளையத்து ஜவுளிக்காரர். அவருடைய தறிகளுக்குச் சீலைக் கரை வரைந்து தர என்னை வரச்சொல்லியிருக்கிறார். டீச்சரம்மாவின் அக்காள் அங்கே இருக்கிறார், அவர் வீட்டில் ஒரு அறை கிடைக்கும். காவேரி பக்கத்திலேயே. நீங்களும் வந்துவிடுங்கள் நங்கை. பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களைத் தவிர எனக்கு அவரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

அந்தத் துணியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்
ராமாயி


குமாரபாளையம்
29-5-1938

அன்புள்ள நங்கைக்கு,

நேரில் வந்துவிட்டு வந்த பிறகும் இதை எழுத வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லையே.

பதில் வராததால் உடம்புக்கு ஏதோ என்று பயந்துதான் பஸ் ஏறினேன். வாசலில் நீங்கள் நின்றீர்கள். ஓடி வந்து கையைப் பிடிக்கலாம் என்று இருந்தேன். "வாங்க, உக்காருங்க" என்றீர்கள். வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

இலை போட்டீர்கள். நெய் ஊற்றினீர்கள். இரண்டாம் தடவை சோறு வைக்கும்போது, "கூச்சப்படாமச் சாப்புடுங்க" என்றீர்கள். அதே சமையற்கட்டில் நாம் இருவரும் ஒரே வட்டிலில் பழைய சோறு தின்றிருக்கிறோம்.

"நங்கை, என்மேல என்னங்க கோபம்?" என்று கேட்டேன்.

"கோபம் ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம்."

"படத்துல குத்தினது தப்புதானுங்க. அதுக்கு என்னைய அடிச்சுருங்க."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "அது போகட்டுங்க. ஓட்டை போட்டாலும் அவன் படத்தைத்தான நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. இப்ப அவன் படம் இல்லாமயே உங்களுக்கு வரைய வருதுங்களே. இனி அவன் எதுக்குங்க?"

இலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பவானிப் பாலம் வரைக்கும் யோசித்தேன். நான் வரைந்தது உங்களை, நங்கை. அவரை விட்டுவிட்டு வேறு எங்கேயும் போகவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கவும் முடியவில்லை. இப்போது கரை வரைய உட்கார்ந்தால், காலையிலிருந்து மாலை வரை அவர் நினைப்பே வராமல் சில நாள் போய்விடுகிறது. அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். வாடி, போடி என்று ஒரு வரி எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு நான் காலம் தள்ளிவிடுவேன்.

என்றும் உங்கள்
ராமாயி


சேந்தமங்கலம்
12-6-1938

குமாரபாளையம் ராமாயி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்விடம் அனைவரும் சுகம். தாங்கள் அனுப்பிய இரண்டு துணிகளையும் தனிக்கட்டாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளவும். முறத்தில் புடைப்பதாகத் தைத்திருக்கும் துணியில் இருப்பது யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தங்களுக்கு வேலை அதிகம் இருக்கும். சிரமப்பட்டு இங்கே எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பொன்னாத்தாள்