தரையில் படுத்தது கோபத்தால் இல்லை

என்னங்க, மூட்டை இறக்க என்னைச் சீக்கிரமே கூப்பிட்டுட்டாங்க, அதான் எழுதி வச்சிட்டுப் போறேன். சோறும் கீரையும் மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

நான் கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறது உங்க மேல் கோபத்தால் இல்லை. மாதவிலக்கு நிற்கப்போகிற வயசு. உடம்பு திடீர்னு அனலாய்க் கொதிக்குது, தரைதான் குளிர்ச்சி. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க பாருங்க, கோபம் அதுக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். காபியைக் குறை, கீரை சாப்பிடு, சாயங்காலம் நடன்னு சொன்னாங்க நர்ஸம்மா.

"நாள் பூரா மூட்டையோட நடக்கிறவதானே நான்?"

"மூட்டை பேசுமா? பேசுற ஆளைக் கூட்டிக்கிட்டு நட."

எனக்கு யாரைச் சொல்றதுன்னே தெரியலை.

மறந்துட்டேன்: அறுந்து கிடந்த உங்க செருப்பைத் தைச்சு வாங்கி வாசலில் வச்சிருக்கேன். சாயங்காலம் போட்டுப் பாருங்க.